பழவேற்காட்டுக் கொடிவழி ஏடுகள்: ஒரு மதிப்பீடு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், மரப்பெட்டியின் அடியில் துணியில் பொதிந்து வைத்த ஏடு ஒன்று இருக்கும். அரபு எழுத்தில் தமிழ் மொழியை எழுதிய ஏடு அது. சஜரா என்பர், கொடிவழி என்பாரும் உளர். வீட்டில் திருமணப் பேச்சு எழும்போதும், சொத்துப் பாகம் பிரியும்போதும் அது வெளியே வரும். பின்னர் மீண்டும் பெட்டிக்குள் அடங்கும். இவ்வேடுகளைப் போற்றுவோர் பலர்; பழங்கதை என்று ஒதுக்குவோரும் சிலர். ஆயின், அரபுத் தமிழ் உரைநடையின் ஒரு வகையாகக் கொண்டு, நூலை மதிப்பிடுவது போல் இவற்றை மதிப்பிடுவோரைக் காண்பதரிது. அப்பணியையே ஈண்டு நாம் மேற்கொள்கிறோம்.

முதற்கண் நம் குறை ஒன்றைச் சொல்லிவிடுதல் கடன். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், ஒரு திருமணப் பேச்சில் மணமகன் வீட்டார் தம் ஏட்டை நம்மிடம் தந்து, சபையில் வாசிக்கச் செய்தனர். அரபு எழுத்தை ஓதத் தெரிந்தும் அதிலுள்ள தமிழைக் கூட்டி வாசிக்க அங்கே பிறர் எவருக்கும் இயலவில்லை. நாமும் குரலெடுத்து வாசித்தோம். மணமகள் வீட்டாரிடம் காட்டுவதற்கு ஏடு இல்லை. அவர்களுடைய பூட்டி ஒருத்தி மீனவர் குப்பத்திலிருந்து மார்க்கத்திற்கு வந்தவர் என்பது மட்டும் ஊரறிந்த செய்தி. ‘குலப் பொருத்தம் இல்லை’ என்று பெரியவர்கள் எழுந்துவிட்டனர். நாம் வாசித்த வாசிப்பே அவர்களுக்குச் சான்றாயிற்று. அன்று வாசித்தோமேயன்றி ஆராய்ந்தோமில்லை. பிற்காலத்தில் அவ்வேட்டின் படி ஒன்று நம் கைக்கு வந்தபோதுதான் அதனை ஒழுங்காகக் கற்றோம்.

அந்த ஏட்டின் அமைப்பைக் காண்போம். பிஸ்மியும் ஸலவாத்தும் முதலில் வரும். பின்னர், கலீபாவுக்குத் திறை செலுத்தாமையால் மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் நான்கு கப்பல்களில் ஏறி இக்கரை அடைந்தனர் என்னும் வரலாறு. அதன்பின் கப்பல் தலைவர் ஒருவரின் பெயர். அவர் மகன், அவர் மகன் என்று இறங்கி வரும் வரிசை. இறுதியில் எழுதியவர் பெயர், ஹிஜ்ரி 1322 என்னும் ஆண்டு, ஒரு துஆ. ஹிஜ்ரி 1322 என்பது கி.பி. 1904இல் தொடங்கிய ஆண்டு.

நடையைப் பற்றிச் சொல்வதானால், பெயர் வரிசைப் பகுதி மெச்சத்தக்கது. ஒருவர் கடலில் மௌத்தானார், ஒருவர் மலாக்காவில் தங்கிவிட்டார், ஒருவருக்குப் பிள்ளையில்லை என்று ஒவ்வொரு வரியிலே ஒரு வாழ்வை முடித்துவிடுகிறார் ஆசிரியர். மிகைச் சொல் ஒன்றில்லை. ஆனால் கப்பல் வரலாறு வரும் பகுதியில் நடையே மாறிவிடுகிறது. அடைமொழிகள் பெருகுகின்றன, ஆண்டு இல்லை, துறைமுகத்தின் பெயர் இல்லை. கண்டும் கேட்டும் எழுதிய கை ஒன்று. பிறர் சொல்லக் கேட்டு அலங்கரித்த கை மற்றொன்று. ஒரே ஏட்டில் இரண்டு கைகள் இருப்பதை நடையே காட்டிக்கொடுக்கிறது.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்கும் முன் அறிவிப்பாளர் சங்கிலியை ஆராய்வர். ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்கக் கூடுமா, இருவர் காலமும் பொருந்துகிறதா என்று கேட்பர். இடையில் கண்ணி அறுந்திருப்பின் ‘முன்கதிஃ’ என்று குறித்துவிடுவர். குலமுறைக்கும் இத்தகைய ஓர் அளவுகோலைப் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தந்திருக்கிறார். நூறாண்டுக்கு மூன்று தலைமுறை என்பது அவர் கணக்கு. நம் ஏட்டை இக்கோலால் அளப்போம். எழுதியவர் முதல் கப்பல் தலைவர் வரை உள்ள பெயர்கள் 9. ஒன்பது தலைமுறைக்கு முந்நூறு ஆண்டு. 1904இலிருந்து பின்னோக்கிச் சென்றால் கி.பி. 1600ஐ ஒட்டி நிற்போம். கப்பல்கள் வந்ததாக ஊரில் சொல்லப்படும் காலமோ 13ஆம் நூற்றாண்டு. அதற்கு ஏறத்தாழ 20 பெயர்கள் வேண்டும். பதினொரு பாட்டன்மார் எங்கே?

வரலாற்றுப் பகுதியிலும் இடர்ப்பாடு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் கலீபா இருந்தது பக்தாதில். அந்நகரும் 1258இல் மங்கோலியரிடம் வீழ்ந்தது. மக்காவை ஆண்டவர்கள் ஷரீபுகள். அன்றியும், ஆட்சியாளரின் கொடுமைக்குத் தப்பிக் கப்பலேறிய கதை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. 714இல் இறந்த ஹஜ்ஜாஜ் இப்னு யூசுபின் கொடுமைக்கு அஞ்சி வந்தோர் என்று லெப்பைமாரையும் நவாயத்துகளையும் பற்றி வழங்கிய இதே போன்ற வரலாற்றை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே கதை ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இரு காலங்களுக்கு ஒட்டப்படுமானால், அது ஊர் ஊராய்ச் சென்ற கதை என்பதில் ஐயம் என்ன?

இதனால் அரபுத் தொடர்பே பொய் என்று நாம் சொல்லவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்போசா என்னும் போர்த்துகீசியர், பழவேற்காட்டில் முஸ்லிம் வணிகர் பலர் இருந்ததை எழுதியுள்ளார். மலாய் மக்கள் உடுத்தும் ‘பெலிகாட்’ கைலி இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. வாணிபம் உண்மை, வந்தவர் கலந்ததும் உண்மை. அந்த உண்மையையும் ஒன்பது பெயர்களையும் இணைக்கும் கண்ணிதான் இல்லை. இல்லாத கண்ணியைக் கற்பனையால் வார்த்திருக்கிறார்கள்.

ஏட்டை விட்டு அரசுப் பதிவேட்டை நாடினால் உண்மை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் அதற்கும் ஒரு வாசிப்பு முறை வேண்டும். பழவேற்காடு பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டமாயினும் 1997க்கு முந்திய தாள்கள் செங்கற்பட்டின் பெயரில் இருக்கும். ஆங்கிலேயர் இவ்வூரை இறுதியாகப் பெற்றது 1825இல். அதற்கு முந்திய ஆவணங்களுக்கு டச்சுக் கம்பெனியின் தாள்களைத்தான் புரட்ட வேண்டும். 1657 முதல் 1825 வரையிலான டச்சுத் தாள்களுக்கு அச்சிட்ட பட்டியல் உண்டு. தாள்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ மானியம் பெற்ற குடும்பமாயின், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடு பெருந்துணை. மானியம் முதலில் யாருக்கு, யாரால் கொடுக்கப்பட்டது என்று அது விசாரித்து எழுதியது. பிறப்பு இறப்புக்கு 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்படி எழுந்த பதிவேடுகள். இவற்றோடு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இப்பதிவேடுகளில் தேடுவோரை மயக்குவது பெயர்தான். ஐரோப்பியருக்குள்ளது போன்ற குடும்பப் பெயர் நமக்கில்லை. தந்தையின் முதலெழுத்தே நம் முன்னெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், இரண்டே பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாய் நூறாண்டு ஓடும். ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் மரக்காயர், மற்றொன்றில் மரைக்காயர், வேறொன்றில் வெறும் சாகிபு. இலங்கையில் மரிக்கார் என்பது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. மரக்காயர், லெப்பை என்பன தொழிலையும் மதிப்பையும் குறித்து வழங்கிய பட்டங்கள் என்பதை மறந்து, குருதியின் அடையாளமாகக் கொண்டது பிற்காலத்து வழக்கென்றே நாம் கருதுகிறோம். 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் லெப்பை என்பது எண்ணுதற்குரிய ஒரு பிரிவாயிற்று. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல்தொகுதியில் லெப்பையும் மரக்காயரும் தனித்தனித் தலைப்புகளாயினர். ‘நீர் யார்?’ என்று அதிகாரி கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் 1904ஆம் ஆண்டு ஏடும் எழுதப்பட்டது என்பதை நோக்குக.

ஆகவே பெயரைக் கொண்டு மட்டும் ஆளை முடிவு செய்யலாகாது. பெயர், தந்தை பெயர், நிலத்தின் எல்லை, சாட்சியாக உடன் ஒப்பமிட்டோர் என்னும் நான்கும் ஒத்து வந்தாலன்றி இவரே அவர் என்று எழுதுவது தவறு.

இனி ஏட்டில் நாம் இறுதியாகக் கண்டதைச் சொல்வோம். மூன்றாம் பெயருக்கு நேரே, ஓரத்தில், சிறிய எழுத்தில் அவருடைய தாயாரின் பெயர் இருக்கிறது. ஏடு முழுவதிலும் உள்ள ஒரே பெண்ணின் பெயர் அது. அதன் பின்னே ‘பின்த் அப்துல்லாஹ்’ என்றிருக்கிறது. அதற்கு மேல் பாட்டன் பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரின் தந்தை முஸ்லிமாக இல்லாதபோது, தந்தையின் பெயரிடத்தில் ‘இறைவனின் அடிமை’ என்னும் பொருளுள்ள அப்துல்லாஹ் என்று எழுதுவது முஸ்லிம் நாட்டுப் பதிவேடுகளில் பழகிய முறை. அப்துல்லாஹ் என்னும் பெயர் எங்கும் உள்ளதாகையால் இதனை முடிந்த முடிபாகக் கூறோம். எனினும், இக்கரையில் வாழ்ந்த எந்தக் குலத்தில் அவர் பிறந்திருத்தல் கூடும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் குப்பத்துப் பக்கமே செல்கிறது. குப்பத்துப் பூட்டியைக் காட்டி ஒரு பெண்ணை விலக்கிய ஏடு, தன் ஓரத்திலேயே அத்தகைய ஒரு தாயைச் சுமந்திருந்திருக்கலாம். அன்று சபையில் நாம் ஓரக்குறிப்பை வாசிக்கவில்லை.

குப்பத்தாரும் குலமுறை அறியாதவர் அல்லர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் ஏரியில் சுற்றுவலையிட்டு இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்பர். இன்னார் மகன் இன்னார் தலைக்கட்டு என்று தெரிந்தாலன்றிப் பாட்டில் பங்கில்லை. சீட்டெடுத்து முறை வைத்து இடம் பெறுவர். அவர்கள் தலைக்கட்டு வரிசையில் கப்பலும் கலீபாவும் இல்லை. யாருக்கு எந்நாளில் எந்த இடம் என்னும் நீதி இருக்கிறது. உறவைப் பேணும் அளவிற்குக் குலமுறையைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததன் கருத்துக்கு, பெருமை பேசும் நம் ஏட்டைவிட அந்தத் தலைக்கட்டு வரிசையே அணித்தாய் நிற்கிறது.

வேறொரு கரையையும் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றினர். தந்தை பெயர் எழுதப்படாத அம்மக்களுக்கு ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. படேவியாவில் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, பின் உயிர்ப்பிச்சை அளிக்கப்பட்டு, 1657இல் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்ட பெண்ணொருத்தியை ‘கத்ரைன் வன் பாலியாகத்தே’, அதாவது பழவேற்காட்டுக் கத்ரைன் என்று டச்சுப் பதிவேடுகள் குறிக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்தார் அவருடைய மகன் வழியில் வந்தவர்கள். வெள்ளையராகவே வாழ்ந்த அக்குடும்பத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர், நீதிமன்றத் தாள்களையும் கோயிற் பதிவேடுகளையும் துருவி அந்த அடிமைத் தாயைக் கண்டெடுத்து, வமிசத்தின் தலைப்பில் எழுதியிருக்கின்றனர். தொலைதூரக் கரையில் பழவேற்காட்டுத் தாயைத் தேடி எடுக்கிறார்கள். பழவேற்காட்டில் இருந்துகொண்டு நாம் அவளை ஓரத்தில் மறைக்கிறோம்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தலைமுறைப் படலம் பாடினார். ஆதம் நபி தொட்டு வரிசைப்படுத்துவது காவியத்திற்கு உரிமை. பதிவேட்டிற்கு அவ்வுரிமை இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மூதாதையரில் தந்தையார் அப்துல்லாஹ் முதல் அத்னான் வரை 21 பெயர்களில் அறிஞர் ஒருமித்துள்ளனர். அதற்கு மேல் கருத்து வேறுபாடு உண்டென்று சொல்லி நின்றுவிடுவர். படைப்பினத்தில் மேலான குலமுறையே அத்னானில் நிற்கும்போது, நம் வீட்டுக் குலமுறை ஒன்பதாம் பாட்டனில் நிற்பதில் என்ன இழிவு? தன் தந்தையல்லாதவரைத் தந்தையென உரிமை கொண்டாடுவதை மார்க்கம் பெரும் பாவமென்கிறது. இல்லாத பாட்டனைக் கூட்டுவதும், இருந்த தாயை நீக்குவதும் அதன் அருகில்தான் நிற்கும்.

எனவே, இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. ஏட்டை எரிக்க வேண்டா. பெட்டியிலும் பூட்ட வேண்டா. புதிய தாளில் படியெடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதற்குரிய சான்றை எழுதுங்கள். தாய்மார் பெயரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். குப்பத்திலிருந்து வந்தவராயின் குப்பத்தின் பெயரையும் எழுதுங்கள். தெரிந்த இடத்தோடு நிறுத்தி, கப்பல் தலைவரின் பெயர் இருந்த இடத்தில் நம் உலமாக்கள் எழுதும் அந்த முடிவுரையை எழுதுங்கள்: இதற்கு மேல் அல்லாஹ்வே நன்கறிபவன்.