தலைவர் இல்லாத மன்றம்: அறிவியல் புனைகதை ரசிகர்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

2022 ஜூலையில் ஆத்தூரில் அறிவியல் புனைகதை வாசிக்கிறவர்கள் 11 பேர் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் போடுவதென்று பேசி முடித்தோம். ஒரு தையல்கடை மாடி கிடைத்தது. முதல் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனவன் நான். வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் கடைக்காரர் கேட்டார்: 'யார் படம் போடணும் அண்ணாச்சி?' படம் வேண்டாம் என்றேன். 'படம் இல்லாம மன்றமா? கருமாதிக்கே படம் வச்சுத்தான அடிக்காங்க' என்றார். வெளியே வந்து நண்பர்களுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் சண்டை பிடித்து, கடைசியில் சுஜாதா படத்தைப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வாங்கப் போனால் இடது பக்கம் சுஜாதா. வலது பக்கம் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் நான். அடியில் 'தலைவர்' என்று இருந்தது. படத்தை என் வாட்ஸப்பிலிருந்து எடுத்துக்கொண்டாராம்.

இதைப் பிழை என்று அவரிடம் வாதாட முடியவில்லை. ரசிகர் மன்றம் என்ற வடிவத்தின் இலக்கணம் அவருக்குத் தெரிந்திருந்தது. மேலே ஒரு பெரிய முகம், கீழே அதை ஊருக்குக் கொண்டுவருகிற ஒரு சின்ன முகம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 10 பேருக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை. அறிவியல் புனைகதைக்கு மட்டும் வேறு இலக்கணம் வேண்டுமா, வேண்டுமென்றால் அது எங்கே கிடைக்கும் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் விஷயம்.

2

தமிழ்நாட்டில் மன்றத்தைக் கேலி செய்வது படித்தவர்களுக்குச் சுலபம். அந்தச் சுலபத்தை முதலில் கைவிட வேண்டும். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் டிராப்' 1992-இல் வந்தது. தமிழில் 'பிம்பச் சிறை'. எம்.ஜி.ஆர் என்ற திரைப்பிம்பம் அடித்தட்டு மக்களின் பொதுப்புத்தியோடு கலந்து அரசியல் அதிகாரமாக மாறிய விதத்தை அது பேசுகிறது. மதுரையில் களஆய்வு செய்து சாரா டிக்கி 1993-இல் எழுதிய நூல் அதே விஷயத்தை மன்றத்துக்காரனின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. நகரத்து ஏழைகளுக்கு மன்றம் கூடுவதற்கு ஓர் இடத்தையும், நற்பணி செய்ய ஒரு காரணத்தையும், தெருவில் ஒரு பேரையும் கொடுத்தது. படித்தவர்களின் இலக்கியக் கூட்டம் எதுவும் அந்த அளவுக்கு யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக முடியும்.

ஆனாலும் மன்றத்துக்குள் உறவு செங்குத்தானது. ரசிகனிலிருந்து பிம்பத்துக்குப் போகும். பிம்பத்திலிருந்து ரசிகனுக்குத் திரும்பும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ரசிகனோடு பேச விஷயம் அந்தப் பிம்பம் மட்டுமே. அவர்கள் படத்தை விவாதிக்கிறார்கள்தான். ஆனால் விவாதம் ஒரு எல்லையைத் தொட்டதும் விசுவாசமாக மாறிவிடும்.

தமிழில் அறிவியல் புனைகதை கிட்டத்தட்ட ஒரே பெயரின் மூலம்தான் வெகுஜன வாசகருக்கு வந்துசேர்ந்தது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், கதை எழுதினார், ஜூனியர் விகடனில் 'ஏன், எதற்கு, எப்படி' என்று வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஊரூராக இருந்து கேள்விகள் அவருக்குப் போயின; பதில்கள் அவரிடமிருந்து வந்தன. ஆத்தூர்க்காரன் கேட்டதும் அரியலூர்க்காரன் கேட்டதும் ஒரே பக்கத்தில் அச்சாகும். ஆனால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழியில்லை. இது சுஜாதாவின் குற்றமில்லை. கணையாழியின் கடைசிப் பக்கத்தில் யார் யாரையோ வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். வெகுஜனப் பத்திரிகையின் அமைப்பே அப்படித்தான் இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் முதல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பிரதி 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடக்கும் வருடம் 2021. அந்த எதிர்காலம் கடந்துபோய்விட்டதால் கணக்குப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தோம். ஜீவா என்ற தலைவர். அவரைத் தொழுகிற ஜனங்கள். இரண்டெழுத்துக்கு மேல் போகாத பெயர்கள். கடைசியில் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம், ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. பிம்பம் உடைந்த இடத்தில் நிலாவை உட்காரவைத்துப் பின்னாலிருந்து வேறு ஆட்கள் ஆட்டிவைக்கிறார்கள். தமிழில் அதிகம் வாசிக்கப்பட்ட அறிவியல் புனைகதையின் கரு, தலைவர் பிம்பத்தைக் கட்டுடைப்பது. அதை நாங்கள் எழுதியவரின் பிம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தோம்.

அன்று வந்த எல்லாருக்கும் ஜீனோ நாய் ஞாபகம் இருந்தது. ஜீவா யாரென்று மூன்று பேருக்குத்தான் ஞாபகம் வந்தது. இந்த மறதி தற்செயலானதில்லை. பொம்மையை வைத்துக்கொண்டு அரசியலைத் தொலைத்துவிட்ட வாசிப்பு இது. சரியாகப் பார்த்தால் ஜீனோதான் அந்த நாவலில் உண்மையான வாசகன். அது தலைவனுமில்லை, தொண்டனுமில்லை. புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கத் தொடங்குகிற இயந்திரம்.

3

அறிவியல் புனைகதை ரசிகன் என்ற ஆள் பிறந்தது ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி அல்ல, முகவரியிலிருந்து. ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அமேஸிங் ஸ்டோரீஸ்' வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு விலாசத்தோடு அச்சிட்டது. வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒரு கடிதக் கழகம் 1930-இல் 'தி காமெட்' என்ற கையடக்க இதழைக் கொண்டுவந்தது. ரசிகர்களே நடத்திய முதல் அறிவியல் புனைகதை இதழ் என்று அதைச் சொல்கிறார்கள். நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் கடிதத்துக்குக் கீழே பெயர், ஊர், அவ்வளவுதான். விலாசம் வேண்டுமென்றால் அது பேனா நண்பர் பகுதி. அங்கே கதையைப் பற்றிப் பேச்சில்லை. இந்த ஒரு வரி விலாசம் இல்லாமல் போனதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருபது பேர் அளவில் கூடி ஒரு மாநாடு நடத்தினார்கள். அதில் 19 வயதுப் பையனாக உட்கார்ந்திருந்தவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956-இல் இலங்கைக்கு வந்து கடைசி வரை அங்கேயே இருந்தார். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். நம் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தபோது எதிர்க்கரையில் அவர் முத்துச்சிப்பிக்காக அல்லாமல் கடலைப் பார்ப்பதற்காகவே முங்கிக்கொண்டிருந்தார். 2008 பிப்ரவரி 27-இல் சுஜாதா இறந்தார். மார்ச் 19-இல் கிளார்க். இரண்டு கரைகளும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை.

இன்னொரு பாதை நேராகவே நம் தெருவுக்கு வந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆளுக்கு 1962-இல் 'வேலியண்ட்' இதழில் கதை எழுதியவர் கென் பல்மர். அவரே லண்டன் ரசிகர் கூட்டத்தில் வளர்ந்தவர். 1955-இல் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, சந்தா வசூலித்து, அமெரிக்க மாநாட்டுக்குத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பிய ஆள். ஒரு ரசிகன் எழுதியதை இந்த மாவட்டத்துப் பையன்கள் வாடகைக்கு எடுத்து வாசித்தார்கள். மாயாவி வந்துசேர்ந்தான், அவனை உண்டாக்கிய கூட்டம் வந்துசேரவில்லை. முத்து, லயன் காமிக்ஸ் வாசகர்களிடம் மட்டும் அதன் சாயல் கொஞ்சம் உண்டு. பழைய இதழைத் தேடி ஊர்விட்டு ஊர் போவார்கள். ஒருவர் வீட்டில் இன்னொருவர் சாப்பிடுவார்கள். இலக்கியக்காரர்கள் இவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

இந்தியாவில் முயற்சிகள் நடக்காமலில்லை. கல்கத்தாவில் அத்ரீஷ் பர்தன் 1963-இல் 'ஆச்சர்ய' என்ற வங்காள இதழைத் தொடங்கினார். 1966-இல் சத்யஜித் ராய் தலைவராகவும் பர்தன் செயலாளராகவும் அறிவியல் புனைகதைத் திரைப்படக் கழகம் ஒன்று அங்கே வந்தது. சில வருடங்களில் நின்றும் போனது. வேலூரில் 1998-இல் தொடங்கிய இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுக் கழகம் கல்லூரி ஆசிரியர்களின் கருத்தரங்குகளை நடத்தியது. 'அரூ' இதழ் 2019-இல் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டி தமிழில் புதியவர்களை எழுத வைத்தது. ராய், பேராசிரியர், நடுவர் என்று ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஆள் இருக்கத்தான் செய்கிறார். சும்மா வாசிக்கிறவனுக்கு இடம் குறைவு.

கிடைமட்ட உறவு என்றதும் அதைச் சொர்க்கமாக ஆக்கிவிடவும் கூடாது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டில் 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற இடதுசாரிக் குழுவின் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தலைவர் இல்லாத இடத்திலும் வாசல் உண்டு. வாசலில் நிற்கிறவனும் உண்டு.

4

எங்கள் வாசல் எது என்று தெரிய ஐந்து மாதம் ஆனது. 11 பேரில் பெண் ஒருவர்கூட இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு தையல்கடை மாடியில் கூட்டம் வைத்துவிட்டு, 'பொம்பளைங்க இதெல்லாம் வாசிக்கிறதில்ல' என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடுகளில் வைத்தபோது இரண்டு ஆசிரியைகளும் ஒரு கல்லூரி மாணவியும் வந்தார்கள். அந்த மாணவி கேட்டாள்: 'நிலாவுக்கு நாட்டையே குடுத்தாச்சு, அப்பவும் யோசிக்கிறது ரெண்டு ஆம்பளையும் ஒரு நாயும்தானா அண்ணே?' அந்த நாவலைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. ஐந்து மாதமாக நான் எழுதி வாசித்த குறிப்புகளில் இந்தக் கேள்வி இல்லை.

இன்னொன்றும் உண்டு. எதிர்காலம் குறித்துத் தமிழ்நாட்டில் கூடிப் பேசிய பெரிய கூட்டம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துடையது. 1980-இல் தொடங்கி, 1987-லிருந்து 'துளிர்' இதழையும் நடத்திய அமைப்பு அது. அதன் பணி பெரிது. ஆனால் மூடநம்பிக்கைக்கு எதிராக உண்மையை நிறுத்துகிற சொல்லாடலில் புனைவு எப்போதும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான். விஞ்ஞானம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்; இதுவும் செங்குத்து. புனைகதையில்தான் தெரியாதவன் 'அப்படி நடந்தா என்ன ஆகும்?' என்று கேட்க முடியும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரலையும் ஆத்தூரையும் மூழ்கடித்தது. வெற்றிலைக் கொடிக்கால்கள் போயின. எங்கள் கூட்டக் குறிப்பு நோட்டும் போனது. இரண்டு மாதம் கழித்துக் கூடினபோது பல்லார்டின் 'மூழ்கிய உலகம்' பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னேன்; 1962-இல் வந்த நாவல். கொடிக்கால் வைத்திருக்கிற ஒருவர் சொன்னார்: 'இதெல்லாம் நடக்காததுன்னுதான் நான் வாசிக்க வந்தேன். நடந்தது பத்தி எதுக்குக் கத?' யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அவரே தண்ணீர் வந்த இரவைச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் நாவலுக்கு வேலை இல்லாமல் போனது. அன்றைக்குத்தான் அது மன்றமாக இல்லை.

ஆனால் அன்றைக்கும் அறிக்கை எழுதும் வேலை என்னிடம்தான் வந்தது. கதையைத் தேர்ந்தெடுப்பது நான், நகலெடுப்பது நான், கடைசியில் தொகுத்துப் பேசுவது நான். எம்.ஏ. தமிழ் என்பதும் ஒரு ஃப்ளெக்ஸ்தான். கடைக்காரர் தப்பாக ஒன்றும் அடித்துவிடவில்லை.

5

2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் விண்வெளி. நாளைக்கு அங்கே முதல் ராக்கெட் கிளம்பும்போது இந்தக் கரையில் நிற்கிறவனுக்குக் கொடுக்கப்படும் பாத்திரம் கைதட்டுகிற ரசிகன். அல்லது நிலம் கொடுத்தவன். இரண்டுக்கும் நடுவே நின்று கேள்வி கேட்கிற, ஆசையும் படுகிற வாசகன் என்று ஒருவன் உண்டாக வேண்டுமானால் அவனுக்கு ஒரு கூட்டம் வேண்டும். இந்த வேலை வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கூட்டத்தின் வடிவம் அதே குலசையில் இருக்கிறது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஊருக்கு ஊர் குழு சேர்கிறார்கள். காப்புக் கட்டிக்கொண்டு ஒருவர் காளி, ஒருவர் குரங்கு, ஒருவர் போலீஸ், ஒருவர் பிச்சைக்காரர் என்று அவரவர் நேர்ந்துகொண்ட வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் வந்து சேர்கிறார்கள். மையத்தில் அம்மன் உண்டு. ஆனால் யாரும் அம்மனின் ரசிகராக வெறுமனே நிற்பதில்லை. ஒவ்வொருவரும் ஒன்றாக ஆகிறார்கள். 1939 மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடை போட்டுக்கொண்டு போனதைப் பெரிய விஷயமாக எழுதுகிறார்கள். அந்த உடைகளைத் தைத்தவர் டக்ளஸ். இங்கே அதற்குப் பெயர் நேர்ச்சை. தசராக் குழுவில் சாதியோ நிர்வாகியோ இல்லையென்று நான் சொல்லவரவில்லை, இரண்டும் உண்டு. வேஷம் அவரவருடையது, செலவு எல்லாருடையது என்ற கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

2024 அக்டோபரிலிருந்து நாங்கள் மூன்று காரியம் செய்தோம். மாதம் யார் வீட்டில் கூட்டமோ அவர்தான் கதையைத் தேர்ந்தெடுப்பார். எல்லாருடைய விலாசமும் எழுதிய தாள் எல்லாரிடமும் இருக்கும். தொகுத்துப் பேசுகிறவர் என்று யாரும் கிடையாது. இதனால் கூட்டம் வளர்ந்துவிடவில்லை. ஏழு பேராகக் குறைந்தது. இரண்டு மாதம் நடக்காமலேயும் போனது. தேர்ந்தெடுத்த கதைகளில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை பேய்க்கதை வந்தது. 'இது எப்படி அறிவியல்?' என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கம் சரியா, அல்லது விமர்சகன் தன் வேலையிலிருந்து நழுவுவதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. வேறு ஊர்களில் இப்படிக் கூடுகிறவர்கள் இருந்தால் இதை அவர்களோடு பேச விருப்பம். கடிதம் எழுதும்போது விலாசத்தையும் எழுதுங்கள்.