முற்றா நிலக்கரி: பெயரும் பொருளும்

காரணப் பெயர் ஒன்றை ஆராயப் புகுவோர், அக்காரணம் பொருளின் இயல்பைச் சார்ந்ததா, பெயரிட்டவரின் நோக்கத்தைச் சார்ந்ததா என்பதை முதற்கண் காணுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘பீட்’ எனப்படும் பொருளுக்குத் தமிழில் வழங்கும் ‘முற்றா நிலக்கரி’ என்னும் கலைச்சொல் இவ்வாராய்ச்சிக்கு உரியது. புவி வெப்பம் மிகுந்துவரும் இக்காலத்தில் அப்பொருளைப் பற்றிய பேச்சும் பெருகி வருதலின், பெயரின் பொருத்தத்தை ஆராய்தல் வீண் வேலையன்று.

‘முற்றா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். முற்ற வேண்டியது முற்றவில்லை என்னும் குறையையே அது சுட்டுகிறது. எனினும் இச்சொல்லை ஆக்கியோர் மீது பழி சுமத்துதல் முறையன்று. நீர் தேங்கிய நிலத்தில் புதைந்த செடிகொடிகள் முதலில் பீட்டாகும், பின்னர் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நெய்வேலியில் எடுக்கப்படுவது போன்ற பழுப்பு நிலக்கரியாகும், அதன்பின் கருநிலக்கரியாகும். நிலநூலார் வகுத்த இவ்வரிசையில் நிறுத்திப் பார்ப்பின் பெயர் பிழையன்று. அயர்லாந்து மக்கள் நெடுங்காலம் அதனை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தமையும் அப்பெயருக்குத் துணைநிற்கும். ஆயினும், அடுப்பை நோக்கி இட்ட பெயர் மலையை நோக்கும்போதும் பொருந்துமா என்பதே வினா.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோர் முதலில் அடையும் சிற்றூர் ரிங்லெட். 1929-இல் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டம் அதனை அடுத்தது. தமிழ்த் தொழிலாளர் காடு திருத்திக் கொழுந்து கிள்ளிய மலைச்சரிவுகள் அவை. அங்கிருந்து மேலும் ஏறி, 2,000 மீட்டரைக் கடந்த பிரிஞ்சாங் மலையுச்சியை அடைவோர் பாசிக்காட்டைக் காண்பர். மேகம் தவழும் அக்காட்டில் மரங்கள் குறுகி வளர்ந்து, கிளையெல்லாம் பாசி போர்த்து நிற்கின்றன. அடியில் கிடப்பது கரிய, மெத்தென்ற, ஈரம் நீங்காத மண். குளிர்ச்சியாலும் புளிப்புத் தன்மையாலும் நீர் தேங்கிக் காற்றுப் புகாமையாலும் அங்கே உதிர்ந்த இலையும் பாசியும் முழுதும் மட்குவதில்லை. செடிகள் காற்றிலிருந்து ஈர்த்த கரிமம் அதனால் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. முற்றாமையே இங்குக் குறையன்று, சிறப்பாகும்.

இச்சிறப்புக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. நீலகிரியில் உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாச் சதுப்பின் பீட்டை ஆராய்ந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய அறிஞர் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியிட்டனர். அம்மண்ணில் எஞ்சிய கரிமத்தின் வகைகளைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் மலையின் தட்பவெப்பமும் தாவரமும் மாறியவாற்றை அவர்கள் கணித்தனர். அது முற்ற மட்கியிருப்பின், அல்லது எவரேனும் வெட்டி எரித்திருப்பின், அவ்வரலாறு புகையாய்ப் போயிருக்கும்.

உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே பீட் நிலம். ஆயினும் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரிமத்தை அது தாங்குகிறது. மலேசியாவில் அதன் பெரும்பகுதி சரவாக் முதலிய தாழ்நிலங்களில் உள்ளது. மலைமேல் உள்ளது சிறிது. சிறிதாயினும், அதனைக் காப்பது குளிரும் மேகமுமே ஆதலின், வெப்பம் மிகுமாயின் விரைந்து கெடும். மேகம் படியும் மட்டம் மேலேறக்கூடும் என்பது அறிஞர் அச்சம். ஈரம் வற்றினால் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். சேர்ந்த கரிமம் மீண்டும் காற்றில் கலக்கும். வெப்பம் மேலும் கூடும். வடிகால் வெட்டி உலர்த்திய தாழ்நிலப் பீட் எரிந்தால் விளைவது யாது என்பதை, 1997-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த புகைமூட்டம் மலேசிய மக்களுக்கு மறவாதபடி உணர்த்திற்று. சரிவுகளின் காட்டை அழித்தலால் மண் கரைந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருவதும் கண்கூடு. மேலே நிகழும் கேடு மேலேயே நின்றுவிடுவதில்லை.

அங்ஙனமாயின் வேறு பெயர் யாது? ‘சதுப்பு’ நிலத்தைக் குறிக்குமன்றி அதில் திரண்ட பொருளைக் குறிக்காது. ‘அளறு’ பழஞ்சொல்லே, ஆயின் வெறுஞ் சேற்றையும் அது குறிக்கும், வள்ளுவர் நரகம் என்னும் பொருளிலும் ஆண்டுள்ளார். ‘மட்கு’ பொருளை அணுகி நிற்பினும், முழுதும் சிதைந்ததையே உணர்த்தும் என்று தடை கூறலாம். ‘ஈரமட்கு’ என அடைகொடுத்தால் அத்தடை பெரும்பாலும் நீங்கும். அப்பொருள் நிலைத்திருப்பதற்குரிய காரணம் ஈரமே. அது பெயரிலேயே நிற்பின், ஈரம் போனால் பொருளும் போம் என்பதைப் பெயரே அறிவுறுத்தும்.

இதனினும் சிறந்த சொல்லைப் புலவர் ஆக்கித் தரலாம். அதுகாறும் ‘முற்றா நிலக்கரி’ என்று வகுப்பில் சொல்ல நேரும் தமிழாசிரியர், அதனுடன் ஒரு விளக்கமும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. ரிங்லெட் தோட்டத்துப் பிள்ளை, தன் தலைக்குமேல் உள்ள மலையில் கிடப்பது இன்னும் எரிபொருளாகாத கரி என்று மட்டும் கற்றுச் செல்லலாகாது. அது எரியாமலும் உலராமலும் இருத்தலே தன் ஊர்க்கு நலம் என்பதையும் அப்பிள்ளை அறிதல் வேண்டும்.