கொடிவழியின் ஓரத்தில்

கற்பனை உலகுக்குக் கொடிவழி எழுதும் கலையை அதன் அரசர்களை வைத்து எடை போட முடியாது. மணிமுடியும் போரும் கொடுத்தால் எந்த மூதாதையும் நிமிர்ந்து நின்றுவிடுவார். கதைக்குள் தலைகாட்டாத சின்னப் பிரபுதான் உரைகல்.

அமெரிக்கரான ஜேம்ஸ் பிராஞ்ச் கேபல் நிஜக் குடும்பங்களின் வம்சாவளியையும் தேடி எழுதியவர். 1922இல் 'தி லீனியேஜ் ஆஃப் லிச்ஃபீல்ட்' நூலில் தம் பாத்திரங்களையே ஒரே வம்சமாகக் கோத்தார். குறும்புதான் அதில் மிகுதி.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினிடம் கொடிவழி சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. 1996இல் வந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் முக்கியப் பாத்திரமான நெட் ஸ்டார்க் ஒரு தடித்த வம்சாவளி நூலைப் புரட்டுகிறார். அதில் வரும் கோவன் பராத்தியன் ஒரு பிரபுவின் மூன்றாவது மகன். டியா லானிஸ்டரை மணந்தவர். அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை பெயர்கூடப் பதிவாகாமல் இறந்துபோனது. ஆனால் அதன் கருந்தலைமுடி பதிவாகியிருக்கிறது. அரியணை வாரிசுகளின் பொன்னிறத் தலைமுடியால் அவர்கள் பிறப்பின் மேல் எழுந்த சந்தேகத்துக்கு அந்தச் சிசுவும் சாட்சி. சாமர்த்தியமான வேலை; ஆனாலும் இங்கே மூதாதை கதைக்குக் கூலியாள்.

டோல்கீன் வழி வேறு. நான் சாய்வது இந்தப் பக்கம். 1937இல் வந்த 'தி ஹாபிட்' கதையில் பாண்டோப்ராஸ் டூக் வெறும் வேடிக்கை. குள்ள இனமான ஹாபிட்களில் குதிரையேறும் அளவுக்கு வளர்ந்தவர். கோப்ளின் அரசன் தலையைத் தடியால் அடித்து முயல் வளைக்குள் அனுப்பி, கோல்ஃப் ஆட்டத்துக்கு வழிகோலியவர். பின்னர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரை அவருக்கு நாலடி ஐந்தங்குல உயரமும், ஹாபிட்களின் நாடான ஷையரின் கணக்கில் 1147 என்று அந்தக் கோப்ளின் போருக்கு ஆண்டும் தந்தது. குடும்பத் தலைமை அண்ணன் வழியில் போக, இவர் இளையவராகவே நின்றார். 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் பிற்சேர்க்கையில் உள்ள குடும்ப மரத்தில் இவர் பெயருக்குக் கீழே லாங் கிளீவ் ஊர் வடக்கு டூக்குகள் வருகிறார்கள். மரத்தின் மறுகோடியில், கதை நாயகர்களில் ஒருவரான பிப்பின் டூக் கைப்பிடிக்கும் டயமண்ட் அதே லாங் கிளீவ்காரி. பிரிந்த கிளை பெண் கொடுத்துச் சேர்வதை டோல்கீன் ஒரு வரியாகக்கூட விரிக்கவில்லை, விரிக்காததுதான் அழகு.

கணக்கும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. மரத்தில் பாண்டோப்ராஸின் அப்பா மூன்றாம் இசும்ப்ராஸ். அப்படியானால் குடும்பத்தின் பிற்காலத் தலைவரான முதிய டூக்குக்கு இவர் தாத்தாவின் தம்பி. முன்னுரையோ நெடுங்காலம் இரண்டாம் ஐசன்கிரிமை அப்பாவாகச் சொல்லி வந்தது. அதைப் பிற்காலப் பதிப்பில் திருத்தினார்கள். 'ஹாபிட்' பக்கத்தில் மட்டும் பாண்டோப்ராஸ் இன்னும் முதிய டூக்குக்குக் கொள்ளுத்தாத்தாவின் தம்பி.