அசையும் காந்தாரமும் நான்கு விற்களும்

மேலையிசையில் சேம்பர் இசை எனப்படுவது, நடத்துநரோ பெருங்குழுவோ இல்லாமல், ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கக்கூடிய சில கலைஞர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து வாசிக்கும் இசையாகும். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலா, ஆழ்ந்த குரலுடைய செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்த நரம்பிசை நால்வர் குழு, 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஹைடனின் கையில் நிலைபெற்ற பின்னர், அவ்வகையின் மிகக் கடினமான களமாக மதிக்கப்பட்டு வருகிறது. ஒரு பகுதியைப் பலர் சேர்ந்து வாசிக்கும் வசதி இங்கே இல்லாததால், ஒருவரது வில் அரைக்கணம் பிந்தினாலும், ஒரு விரல் மயிரிழை விலகினாலும் அது உடனே செவிக்கு எட்டிவிடும். அயல்நாட்டு இசையைப் பதிவுசெய்ய இத்தகைய குழு முற்படும்போது, கலைஞர்கள் அந்த இசையை உடலால் கற்றிருக்கிறார்களா, மெட்டை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதும் அவ்வாறே மறைவின்றித் தெரிந்துவிடுகிறது.

இவ்வகை முயற்சிக்கு உலகம் முதலில் சுட்டும் பெயர், 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் ஹாரிங்டன் தொடங்கிய குரோனோஸ் குவார்டெட் என்பதாகும். ஆப்பிரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளைத் தொகுத்து 1992இல் 'பீசஸ் ஆஃப் ஆப்பிரிக்கா'வை வெளியிட்ட இக்குழு, 2000இல் வந்த 'கேரவன்' தொகுப்பில் போர்ச்சுகல், அர்ஜென்டினா, ருமேனியா, ஈரான், பம்பாய் எனப் பல திசைகளின் இசையை ஒரே தட்டில் வைத்தது. அத்தொகுப்பில் உயிர்த்துடிப்பு மிகுந்த இடங்கள், ஈரானின் வில்லிசைக் கருவியான கமான்சேயை வாசிக்கும் கைஹான் கல்ஹோரும் ருமேனியக் கிராமத்துக் குழுவான தராஃப் தெ ஹைதூக்ஸும் நேரில் வந்து உடன் வாசித்த இடங்களேயாகும். விருந்தினர் இல்லாத சில இடங்களில், மெருகு குறையாவிட்டாலும், இசையின் மண் வாசனை சற்றே மங்குகிறது. 2005இல் ஆர்.டி. பர்மனின் திரைப்பாடல்களை, எழுபது வயதைக் கடந்திருந்த ஆஷா போஸ்லேயின் குரலோடு அவர்கள் பதிவுசெய்தபோது, வயலின்களோடு நில்லாமல் கீபோர்டு, சேகண்டி வகைக் கருவிகளையும் தாங்களே கையிலெடுத்தார்கள். நால்வர் குழு என்னும் மதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு திரையிசைக் குழுவின் வேலையை மனமுவந்து ஏற்ற அந்தப் பணிவுதான் அத்தொகுப்பைக் காப்பாற்றியது.

அயல் இசையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் இந்தப் பணி தமிழ் நிலத்துக்குப் புதியதன்று. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுர சாகித்தியம் என்று பெயர்பெற்ற அவ்வுருப்படிகளில் பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் எனப்பட்ட சகோதரர்களில் இளையவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.  வயலின் நம்மிடம் வந்தபோது அதன் மரமும் நரம்பும் மாறவில்லை. பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாறின. மேலைக் கலைஞர் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இறுக்கிப் பிடிக்கும் கருவியை, நம் வித்துவான் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப எனச் சேர்த்து வாசிக்கிறார். கருவியைத் தாங்கும் சுமை நீங்கியதால் இடக்கை தந்தியின் மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும் உரிமையைப் பெற்றது. பல நாட்டு இசையை வாசிக்க விரும்பும் எந்தக் குழுவும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த மாற்றத்தில் இருக்கிறது.

அப்பாடத்தை நன்கு உணர்ந்து செய்யப்பட்ட பதிவு, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' ஆகும். நால்வர் குழுவைவிடப் பெரிய நரம்பிசைக் குழுவுக்காக எழுதப்பட்டதாயினும், தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட இத்தொகுப்பின் மனநிலை கூடத்து இசையின் மனநிலையே. அதன் ஓர் உருப்படிக்கு, சேம்பர் இசை தியாகராஜரை வரவேற்கிறது என்ற பொருளில்தான் பெயர் அமைந்திருக்கிறது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் உருப்படி ஆழ்ந்து கேட்கத் தக்கது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்த்தீட்டாவின் முன்னுரைப் பகுதி அதில் வருகிறது. அடிக்கு நான்கு சுரமாக, மூச்சு விடாமல் ஓடும் இசை அது. அந்த ஓட்டத்தின் மேல், தனி வயலின் கர்நாடக பாணியில் வளைந்தும் நின்றும் இழைந்தும் செல்கிறது. ஓடுவது ஓடிக்கொண்டே இருக்க, வளைவது வளைந்துகொண்டே இருக்க, எந்த ஒன்றும் மற்றொன்றுக்காகத் தன் நடையை விட்டுக்கொடுக்காததே இந்த உருப்படியின் வெற்றி. சமரசம் செய்து இரண்டையும் வழவழப்பாக்கியிருந்தால், அது நாற்பது ஆண்டுகள் நின்றிருக்காது.

அந்தத் தனி வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன், 'ராஜபார்வை' படத்தின் வயலின் இசையால் தமிழ்ச் செவிகள் முன்பே அறிந்த கை அது. மேலை முறையையும் கர்நாடக முறையையும் ஒருசேரப் பயின்ற அவர், பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்னும் நால்வர் குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை மேலை ஒத்திசைவோடு பதிவுசெய்தார். ஒத்திசைவு என்பது, ஒரு சுரத்தோடு வேறு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து அடுக்கு உண்டாக்கும் முறை. இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

மோகன ராகத்தில் இந்த அடுக்கு எளிதில் அமைந்துவிடும்; ச-க-ப என்றும் த-ச-க என்றும் இரண்டு முழு அடுக்குகள் ராகத்தின் ஐந்து சுரங்களுக்குள்ளேயே கிடைக்கின்றன. தோடியிலோ கணக்கு வேறு. காகிதத்தில் அதன் ஏழு சுரங்களைக் கொண்டும் அடுக்குகள் எழுதலாம். ஆனால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். மேலை வயலினில் விரல் நடுக்கத்தால் சுரத்துக்கு மெருகேற்றும் வைப்ரேட்டோவோடு இதைக் குழப்பிக்கொள்வது பெரும் பிழை. வைப்ரேட்டோ நின்ற சுரத்துக்குப் பூசும் வண்ணம், கமகமோ சுரம் நடக்கும் வழியே. முதல் வயலினின் காந்தாரம் அசைந்துகொண்டிருக்க, வியோலா அதே காந்தாரத்தை அசையாமல் நீட்டிப் பிடித்தால், இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். ஆகவே அடுக்கு எழுதுபவர், அசையும் சுரங்களைக் கீழ்க்கருவிகளுக்குத் தராமல், சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சார்ந்து நிற்க வேண்டியிருக்கிறது; அப்போது செல்லோ தம்புராவின் வேலையையும் ஏற்கிறது.

கமகம் நிறைந்த கீர்த்தனையின் வரியை நரசிம்மனே சுமக்க, மற்ற மூவரும் அதற்கு நிலமும் நிழலும் அமைக்கும் ஏற்பாடு, ராகத்தின் முகத்தைக் காப்பாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. அதற்குக் கொடுக்கப்படும் விலையையும் சொல்லியாக வேண்டும்: நான்கு பேரும் சமமாகப் பேச வேண்டிய ஓர் அமைப்பு, ஒருவர் பேச மூவர் தலையசைக்கும் அமைப்பாகச் சாய்கிறது. செல்லோவும் வியோலாவும் கமகத்தோடு பல்லவியை வாங்கி, முதல் வயலினிடம் திருப்பித் தரும் நாளில்தான் இந்த வடிவம் முழுமை பெறும்.

ஒருகாலத்தில் சுவாதித் திருநாளின் ஆட்சிக்குட்பட்டு, இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பார்க்கும்போது இவ்விவாதம் அயலானதாகத் தோன்றாது. குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் அந்த ஊரில் பிறந்த நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரான், மலையாள வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர். 1988இல் வெளிவந்த அவரது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் அரபுச் சொல்லும் மலையாளச் சொல்லும் தமிழ் வாக்கியத்துக்குள் இயல்பாகக் குடியிருக்கின்றன. வாக்கியத்தின் நடை தமிழாகவே இருப்பதால் எச்சொல்லும் விருந்தாளியாகத் தெரிவதில்லை; 'கேரவன்' சில இடங்களில் எட்டியதும் சில இடங்களில் தவறவிட்டதும் இதைத்தான்.

அந்த நிலத்தின் சொந்த இசையான வில்லுப்பாட்டையே நால்வர் குழு ஒன்று எடுத்துக்கொண்டால் என்னவாகும் என்று எண்ணிப்பார்ப்பது பயனுள்ளது. கோயில் கொடை விழாக்களில் சுடலைமாடன் கதையும் பிற தெய்வக் கதைகளும் பாடப்படும் இக்கலையில், மணிகள் கட்டிய நீண்ட வில் குடத்தின் மேல் கிடத்தப்பட்டிருக்கும். புலவர் அதன் நாணை வீசுகோலால் அடித்துக் கதை சொல்ல, குடமும் உடுக்கையும் தாளமும் உடன் வரும், பக்கத்தில் இருப்போர் 'ஆமா' போட்டு அடியைத் திருப்பிப் பாடுவர். செல்லோவின் தந்தியை விரலால் தட்டிக் குடத்தின் ஒலிக்கு நெருங்கிவிடலாம். வில்லின் மரப்பகுதியால் தந்தியை அடித்து வீசுகோலையும் நினைவூட்டலாம். பின்பாட்டை வியோலாவும் இரண்டாம் வயலினும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் கூட்டத்தின் முகம் பார்த்து ஓர் அடியை நீட்டவும் மற்றோர் அடியைச் சுருக்கவும் புலவருக்கு இருக்கும் உரிமையை, ஒவ்வோர் அடிக்கும் கோடு போட்டு எழுதிய இசைத்தாள் தராது. ஆகவே அந்தத் தாளில் சில பக்கங்கள் வெறுமையாகவே விடப்பட வேண்டும். அப்பக்கங்கள் வரும்போது மற்ற மூவரும் தாளைவிட்டுக் கண்ணெடுத்து, முதல் வயலினின் வில் எப்போது தாழ்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.