நேரச் சோதனையின் கண்டிப்பும் கருணையும்

செஞ்சியில் அச்சாகித் தளவானூர் வீடுகளுக்குப் போய்ச் சேரும் மண அழைப்பிதழ்களில் ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்ற பாணியில்தான் பெரும்பாலும் முகூர்த்தம் குறிக்கப்படுகிறது. அந்த 6.00 என்பதை நிரல் நூலகமொன்றின் நேரச் சோதனையிடம் அப்படியே ஒப்படைத்தால், மணிக்கு இரண்டு இலக்கம் இல்லை, நடுவே முக்காற்புள்ளி இல்லை என்று இரட்டைக் குற்றம் சாட்டித் திருப்பியனுப்பிவிடும். இந்தக் கண்டிப்பைப் பரிகசிப்போர் பலர். அவர்களோடு சேர எனக்குச் சம்மதமில்லை. 6.30 என்பதைத் தசம எண்ணாக வாசிக்கும் கணக்கு மென்பொருள் அதனை 6.3 ஆக்கி, ஆறு மணி பதினெட்டு நிமிஷம் என்று கொள்ளவும் கூடுமாதலால், புள்ளியை மறுப்பதில் நியாயம் உண்டு.

குறை, மறுக்கும் இடத்தில் அல்ல, இணங்கிப்போகும் இடத்தில்தான் இருக்கிறது. பைத்தான் மொழியில் 24 மணிக் கணக்குக்குரிய குறியையும் பி.எம். என்பதற்குரிய குறியையும் ஒருசேர வைத்து ‘06:30 பி.எம்.’ என்று கொடுத்தால், நூலகம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு, பி.எம்.மைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டு, காலை ஆறரையைத் திருப்பித் தருகிறது. இதனை ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால், மாலை வண்டியைத் தவறவிட்டவனுக்கு அது என்ன சமாதானம்?

2014-இல் வெளிவந்த ஜாவா 8, இவ்விஷயத்தில் மூன்று சுபாவங்களை வகுத்தது. கண்டிப்பானது 24:00 என்பதை அறவே நிராகரிக்கும். தாராளமானது 25:00 என்பதைக்கூட மறுநாள் ஒரு மணியாக்கிக்கொள்ளும். இடைப்பட்டது 24:00 என்பதை 00:00 ஆக்கி, மிகுந்துபோன ஒரு நாளைத் தனியே குறித்துவைக்கும். மூன்றில் இதுவே விவேகமானது என்பேன். எனினும் மிகுதி நாளைக் கேட்டுப் பெற மறந்த நிரலாளனுக்கு ஒரு முழு நாள் சந்தடியின்றி நழுவிவிடுகிறது. நள்ளிரவு பற்றிச் சர்வதேச நியமத்துக்கே தடுமாற்றம் இருந்தது: ஐ.எஸ்.ஓ. 8601-இன் 2019 பதிப்பு 24:00 என்பதை நீக்கியது. 2022-இன் திருத்தம் அதை மீண்டும் அனுமதித்தது.

இவையெல்லாம் தீரக்கூடிய குறைகள். பஞ்சாங்கத்தில் வரும் 12.30 அப்படிப்பட்டதன்று. அது பன்னிரண்டு நாழிகை முப்பது விநாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷமாகச் சூரியோதயத்திலிருந்து எண்ணினால் சரியாக ஐந்து மணி நேரம், அதாவது ஆறு மணிக்கு உதயமாகும் நாளில் முற்பகல் பதினொன்று. கடிகாரத்தின் பன்னிரண்டரையும் இதுவும் எழுத்தில் ஒன்றே. நாழிகையிலும் அறுபதின் கூறே வருவதால், நிமிஷம் 59-ஐத் தாண்டலாகாது என்ற விதியும் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. எத்துணைக் கடுமையான வடிவச் சோதனைக்கும் இவ்விரண்டைப் பிரித்தறிய வழியில்லை. ஆகையால் ஜோதிட மென்பொருள் செய்வோர், எண்ணை வாங்கும் கட்டத்துக்கு அருகிலேயே அது மணியா நாழிகையா என்பதையும், நாழிகையாயின் எந்த ஊரின் உதயத்திலிருந்து என்பதையும் தனித்தனியே கேட்டுப் பெறவேண்டும். இந்தப் பொறுப்பை நூலகத்தின் தலையில் கட்டுவது முறையன்று.