மறைத்துத் தீட்டும் ஓவியர்

அருவ ஓவியம் என்னும் பெயரே ஒரு மயக்கத்தை விளைவிக்கின்றது. உருவம் இல்லாதது அருவம். அப்பெயர் பெற்ற ஓவியங்களிலோ கோடு உண்டு, வண்ணம் உண்டு, பரப்பு உண்டு. இவை யாவும் உருவமே. இல்லாதது ஒன்றுதான்: இஃது இன்னதன் உருவம் என்று சுட்டிக் கூறுதற்குரிய பொருள். அப்பொருள் தொடக்கத்திலேயே இல்லையா, அல்லது இருந்து பின் மறைந்ததா என வினவுவோர் மிகச் சிலரே. இக்கால அருவ ஓவியருள் முன்னிற்கும் சிலரிடத்து அஃது இருந்து மறைக்கப்பட்டதாகவே உள்ளது. கைபோன போக்கில் வண்ணத்தை இறைப்பவர் என்று அவர்களை இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1932இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். 1961இல் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே குடிபெயர்ந்தார். மனநோயாளரைக் கொன்றொழித்த நாஜிகளின் திட்டத்திற்கு இரையான தம் சிற்றன்னையை, ஒரு குடும்பப் புகைப்படத்தைக் கொண்டு 1965இல் தீட்டினார். அவ்வாறு உருவம் தீட்டியவரே 1980ஆம் ஆண்டையொட்டிக் கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. ஈரம் காயாத வண்ணத்தின் மீது, ஆள் உயரமுள்ள நெகிழிப் பலகையை அழுத்தி இழுத்துச் செல்வார். மேல் வண்ணம் கிழிந்து கீழ் வண்ணம் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். விளைவதில் பாதி அவர் கைவேலை; பாதி தற்செயல். ஆயினும் பலகையை எங்கே தளர்த்துவது, எந்த அடுக்கோடு நிறுத்துவது என்பவை தற்செயல் அல்ல. நாள் பல பார்த்திருந்து, மனத்திற்கு ஒவ்வாததை மீண்டும் மூடிவிடுவார். 2011இல் வெளிவந்த, அவர் தொழிலைக் காட்டும் ஆவணப் படத்தைப் பார்த்தவர்க்கு, நன்றாக இருந்த படத்தையும் அவர் அழிப்பது உள்ளத்தை உறுத்தியே இருக்கும்.

இம்முறை கடுஞ்சோதனைக்கு உட்பட்டது 2014இல். ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் கொலைக்களத்தில், 1944 ஆகஸ்டில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் உயிரைப் பணயம் வைத்து நான்கு புகைப்படங்கள் எடுத்தனர். அவை மறைவாக வெளியே அனுப்பப்பட்டன. அந்நான்கினையும் ரிக்டர் நான்கு பெரிய கித்தான்களில் வரைந்தார். வரைந்தபின் அவ்வாறே விட மனம் ஒப்பாமல், கருப்பும் வெண்மையும் சிவப்பும் பச்சையுமாக அடுக்கடுக்காக வண்ணம் இட்டு மூடினார். இப்போது காண்போர்க்கு அடியிலுள்ள உருவம் ஒன்றும் தெரியாது.

இது நேர்மையா, நழுவலா? இங்கே தமிழாசிரியர்க்கு உள்ளுறை நினைவுக்கு வருதல் இயல்பு. உள்ளுறையில் எருமையும் தாமரையும் வெளிப்படக் கூறப்படுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டே கேட்போர் உட்பொருளுக்குச் செல்கின்றனர். ரிக்டரின் படத்திலோ மேற்பரப்பு வழிகாட்டவில்லை; அடைத்து நிற்கின்றது. தலைப்பை நீக்கிவிட்டால் அவர் தீட்டிய பிற அருவ ஓவியங்களுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு கூறுவது கடினம். முதலில் இவை பொதுப்பெயராலேயே வழங்கின. ‘பிர்கெனாவ்’ என்னும் பெயர் பின்னர் வந்தது. ஆகவே படம் சொல்லாததைப் பெயர் சொல்கின்றது என்னும் குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. எனினும் அக்கொடுமையை அழகிய வண்ணத்தில் உருவாக்கிக் காட்டுவது அதனினும் பெரிய பிழையாகியிருக்கும். தம்மால் இயலவில்லை என்பதை ஓவியர் மறைக்கவில்லை. அந்நான்கு புகைப்படங்களின் படிகளையும் காட்சியில் உடன் வைத்தார். அச்சிறு படங்களே அங்குச் சான்று கூறுகின்றன. பெரிய கித்தான்கள் அவற்றின் முன் வாய் பேசாது நிற்கின்றன. எதிரே பெருங்கண்ணாடிகளையும் நிறுத்தியது மட்டும் மிகை. பார்ப்பவன் தன் முகத்தை அங்கே காண வேண்டும் என்று கற்பிக்கத் தேவையில்லை.

எத்தியோப்பியாவில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜூலி மெரெட்டு அம்மையாரின் வழி வேறு. கட்டடங்களின் வரைபடங்களை மையால் நுணுகி எழுதி, அதன்மேல் ஒளி ஊடுருவும் பூச்சிட்டுத் தேய்த்து, மீண்டும் எழுதுவார். கெய்ரோவின் தகிரீர் சதுக்கத்து அரசாங்க மாளிகையின் பெயர் தாங்கிய ‘மொகம்மா’ (2012) இவ்வகைப்பட்டது. அதில் தூணும் சாளரமும் இன்னும் தென்படுகின்றன. கூட்டத்தின் அலைவு போன்ற கருங்கோடுகள் அவற்றின் மேல் மோதுகின்றன. பெயர் அறியாதவனும் ஒரு நகரம் கலங்குவதை உணர்வான். பின்னாளில், செய்திப் புகைப்படங்களை அடையாளம் தெரியாதபடி மங்கச் செய்து அவற்றின்மேல் எழுதத் தொடங்கினார். ஃபெர்குசன் நகரின் பெயரைத் தாங்கிய 2016ஆம் ஆண்டுப் படம் அத்தகையது. அங்கே மீண்டும் தலைப்பின் துணை வேண்டியிருக்கின்றது. பழைய படங்களின் உறுதி இவற்றில் குறைவு.

லாஸ் ஏஞ்சலீஸ்காரரான மார்க் பிராட்ஃபோர்ட் மூடுவதோடு நில்லாமல் தோண்டவும் செய்கின்றார். அவர் அன்னை மகளிர்க்கு முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். அவரும் அங்கே வேலை செய்தவர். முடியைச் சுருட்டும்போது நுனியில் வைக்கும் மெல்லிய தாள்களே அவருடைய முதல் வண்ணங்கள். பின்னர்த் தெருச் சுவரொட்டிகளை அடுக்கி ஒட்டி, இயந்திரத்தால் தேய்த்துக் கீழடுக்குகளை வெளிக்கொணர்ந்தார். 1863ஆம் ஆண்டு கெட்டிஸ்பர்க் போரைக் காட்டும் பழைய வட்ட ஓவியத்தின் அச்சுப்படிகளைக் கொண்டு, வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்திற்காக 2017இல் எட்டுப் பெரும் படங்கள் ஆக்கினார். கயிறுகளை உள்ளே வைத்துத் தாள்களை ஒட்டி, பிறகு கிழித்தார். ஏறத்தாழ நானூறு அடி நீளத்திற்கு வளைந்து செல்லும் அச்சுவரை ஒட்டி நடப்பவன், தாள் கிழிசல்களுக்கிடையே போர்க்களத்தின் துணுக்குகளைக் காண்கின்றான். ஓரிடத்தில் அவை தெளிகின்றன. இரண்டடி அப்பால் வெறும் புள்ளிகளாகிக் கலைகின்றன. போர் நடந்ததென்று அவனுக்கு எந்தத் தலைப்பும் சொல்ல வேண்டியதில்லை. யார் வென்றார் என்பதுதான் அச்சுவரில் எங்கும் அகப்படவில்லை.