தி எக் அண்ட் ஐ (திரைப்படம்)

தி எக் அண்ட் ஐ (முட்டையும் நானும்) 1947-ல் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம். பெட்டி மெக்டொனால்ட் 1945-ல் வெளியிட்ட தன்வரலாற்று நூலைத் தழுவியது. செஸ்டர் எர்ஸ்கின் இயக்கிய இப்படத்தில் கிளாடெட் கோல்பர்ட், பிரெட் மெக்மரே இருவரும் கணவன் மனைவியாக நடித்தனர். கிராமத்து வாழ்வைக் கொண்டு சிரிப்பூட்டிய பழைய ஹாலிவுட் படங்களுள் இது முக்கியமானது. நூலில் இருந்த மனைவியின் குரல் திரையில் மங்கிவிட்டது என்பதே இதன் பெரிய குறை.

கதைச்சுருக்கம்

புதிதாக மணமான பெட்டியிடம், கோழிப்பண்ணை ஒன்றை வாங்கிவிட்டதாகக் கணவன் பாப் அறிவிக்கிறான். நகரத்துப் பெண்ணான அவள் இடிந்த வீட்டோடும், மக்கர் செய்யும் அடுப்போடும், சொன்னபடி கேட்காத பன்றியோடும் மல்லுக்கட்டுகிறாள். பக்கத்தில் நவீனப் பண்ணை வைத்திருக்கும் ஹேரியட் என்ற செல்வந்தப் பெண் பாப்பிடம் நெருங்கிப் பழகுவது பெட்டிக்குச் சந்தேகத்தைத் தருகிறது. பண்ணையில் தீப்பிடித்தபோது ஊரார் கூடி உதவுகிறார்கள். பின்னர் கணவனைப் பிரிந்து செல்லும் பெட்டி, குழந்தையோடு திரும்பி வருகிறாள். அவளுக்காகவே ஹேரியட்டின் பண்ணையைப் பாப் வாங்கியிருப்பது தெரியவர, படம் சுபமாக முடிகிறது.

நூலும் படமும்

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் 1920-களின் இறுதியில் வாழ்ந்த வாழ்க்கையை நூல் சொல்கிறது. கணவன் தன் தொழிலில் மகிழ்ச்சியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே மனைவியின் கடமை என்று தாய் கற்பித்த பாடம் அதன் தொடக்கம். ஓயாத மழை, விடியுமுன் தொடங்கும் வேலை, பேச்சுத்துணையற்ற தனிமை என எல்லாவற்றையும் ஆசிரியர் நகைச்சுவையாகவே எழுதுகிறார். ஆனால் அந்தப் பாடம் ஒரு பெண்ணிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பது வாசகருக்கு விளங்கிவிடுகிறது.

படத்தில் இந்தச் சிக்கல், மனைவியின் வீண் சந்தேகமாகச் சுருங்குகிறது. ஹேரியட் வந்தபின், கேட்காமலே பண்ணை வாங்கிய கணவன்மீது எழவேண்டிய கேள்வி மறைந்துபோகிறது. முடிவில் அவன் மறுபடியும் கேட்காமலே இன்னொரு பண்ணையை வாங்குகிறான். அதைப் படம் அன்பின் அடையாளமாகக் காட்டுகிறது. உண்மையில் மெக்டொனால்ட் 1931-ல் இரண்டு பெண் குழந்தைகளோடு கணவரைப் பிரிந்து சியாட்டிலில் தாய் வீட்டுக்குச் சென்றார். பிறகு மணமுறிவும் ஏற்பட்டது.

கெட்டில் குடும்பம்

படத்தைத் தாங்கி நிற்பவர்கள் அண்டை வீட்டாரான கெட்டில் தம்பதியர். மார்ஜரி மெயினின் கணீர்க் குரலும் பெர்சி கில்பிரைடின் அவசரமற்ற பேச்சும் எதிரெதிராக அமைந்து சிரிப்பை உண்டாக்குகின்றன. எதையும் இரவல் கேட்டே காலம் தள்ளும் கணவன், பிள்ளைகள் நிறைந்த அலங்கோலமான வீட்டை அலட்டிக்கொள்ளாமல் நடத்தும் மனைவி. மெயின் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1949 முதல் 1957 வரை இக்குடும்பத்தை வைத்து மேலும் 9 படங்கள் வந்தன.

மதிப்பீடு

இந்தச் சிரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. தங்களைப் பார்த்தே கெட்டில் குடும்பம் எழுதப்பட்டதாகக் கூறி ஒரு குடும்பத்தார் ஆசிரியர்மீது வழக்குத் தொடுத்தனர்; 1951-ல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. அப்பகுதிப் பழங்குடி மக்களைப் பற்றிய நூலின் இழிவான வருணனைகள் பின்னாளில் கண்டனத்துக்கு உள்ளாயின. படமும் அவர்களை வேடிக்கைப் பொருளாகவே காட்டுகிறது.

ஆனாலும் மெயினின் நடிப்பில் ஏளனம் இல்லை. வந்தவர் யாரானாலும் உட்காரவைத்துப் பேசும் அந்தத் தாயை ஏழை என்று பரிதாபப்படவும் முடியாது, நாகரிகமற்றவள் என்று ஒதுக்கவும் முடியாது. பெட்டியின் கதையில் படம் இழந்த உண்மை, ஓரளவுக்கு இந்தப் பாத்திரத்தில் மிஞ்சுகிறது. தழுவலை ஆராயும் மாணவர்கள் நூலையும் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே நிகழ்ச்சி சொல்பவர் மாறும்போது எப்படி வேறு பொருள் தருகிறது என்பது தெளிவாகும்.